கினிப்பன்றியின் சிறுநீர் வலியும் வயிற்று உப்பலும்: கால்நடை மருத்துவரின் பதில்

கேள்வி: மகன் குடும்பம் வெளிநாடு சென்றபோது, பேரன் வளர்த்த இரண்டு கினிப்பன்றிகளைப் பள்ளத்தூரில் எங்கள் வீட்டில் விட்டுச் சென்றார்கள். கருப்பட்டி, வெல்லம் என்று பெயர். இரண்டும் ஆண், மூன்று வயது. இரண்டாங்கட்டில் வைத்திருக்கிறோம். கொல்லையில் விளையும் அகத்திக்கீரையும் முருங்கைக்கீரையும் தினமும் உண்டு. கடையில் விற்கும் முயல் தீவனமும் ஊறவைத்த கொண்டைக்கடலையும் கொடுப்போம். இரண்டு மாதமாகக் கருப்பட்டி சிறுநீர் கழித்த இடம் காய்ந்தால், ஆத்தங்குடிக் கல்லில் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளையாகப் படிகிறது. பத்து நாளாகச் சிறுநீர் போகும்போது முதுகைக் கூனிக்கொண்டு கத்துகிறது. ஒருமுறை இளஞ்சிவப்பாகவும் போனது. தெரிந்தவர்கள் சொன்னபடி வாழைத்தண்டுச் சாறும் பார்லித் தண்ணீரும் கொடுத்தோம். பிறகு மருந்துக் கடையில் கேட்டு அமாக்சிசிலின் சிரப் வாங்கி இரண்டு நாள் சில சொட்டுகள் கொடுத்தோம். அதிலிருந்து புழுக்கை சிறுத்து இளகிவிட்டது, தீனி எடுப்பதில்லை, வயிறு உப்பியிருக்கிறது. இது கல்லா? போர்வெல் தண்ணீர்தான் காரணமா? கை வைத்தியத்தைத் தொடரலாமா? ஆபரேஷன் இல்லாமல் சரியாகுமா? இங்கே மாட்டு டாக்டர்தான் இருக்கிறார், அவரிடம் காட்டலாமா?
— ஓர் ஆச்சி, பள்ளத்தூர்

பதில்: அன்புள்ள ஆச்சி அவர்களுக்கு, வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்த அன்றே தொலைபேசியில் பேசினோம். கருப்பட்டி மறுநாள் கொஞ்சம் புல் கடித்தது என்று நீங்கள் தெரிவித்தபோது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. ஆனால் எக்ஸ்ரே இன்னும் எடுக்கப்படவில்லை, அடிப்படையான சிறுநீர்க் கோளாறு அப்படியே இருக்கிறது. ஆகவே அன்று அவசரத்தில் சொன்னவற்றைக் காரணங்களோடு இங்கே மீண்டும் எழுதுகிறேன். இதே நிலையில் கினிப்பன்றி வைத்திருக்கும் பிற வீட்டாருக்கும் இது உதவும்.

சிறுநீர்க் கோளாறு ஒன்று, வயிற்றுக் கோளாறு இன்னொன்று என்று நீங்கள் இரண்டாகப் பிரித்து எழுதியிருக்கிறீர்கள். கினிப்பன்றியில் இவற்றைப் பிரித்துப் பார்க்கக் கூடாது. சிறுநீர்ப்பையில் வலி எடுத்தால் அது தீனியைக் குறைக்கும். தீனி குறைந்தால் குடலின் அசைவு குறையும். அசைவு குறைந்தால் உள்ளே இருப்பது புளித்து வாயு சேரும். வாயு சேர்ந்தால் வலி இன்னும் கூடும், தீனி முற்றிலும் நின்றுபோகும். நாயோ பூனையோ ஒருநாள் சாப்பிடாமல் இருப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். நார்ச்சத்து இடைவிடாமல் உள்ளே போய்க்கொண்டிருந்தால்தான் குடல் இயங்கும் என்னும்படி அமைந்த இந்தச் சிற்றுயிருக்கு அரைநாள் பட்டினியே ஆபத்தின் தொடக்கம். பட்டினி நீண்டால் ஈரலில் கொழுப்பு சேர்ந்து அதனாலும் உயிர் போகக்கூடும். எனவே சிறுநீரில் கல் இருக்கிறதா என்று ஆராய்வதற்கு முன்பாகவே, வலியைக் குறைப்பதும் வயிற்றுக்குள் ஏதாவது போய்க்கொண்டிருக்கச் செய்வதும் முதல் வேலையாகின்றன.

உங்கள் கருப்பட்டிக்கு இதற்கு மேல் அமாக்சிசிலினும் சேர்ந்துவிட்டது. பெனிசிலின் வகையைச் சேர்ந்த அமாக்சிசிலின், ஆம்பிசிலின் ஆகியவற்றையும், கிளிண்டாமைசின், லின்கோமைசின், எரித்ரோமைசின் போன்றவற்றையும் கினிப்பன்றிக்கு வாய்வழியாகக் கொடுக்கவே கூடாது. இதன் செரிமானத்தில் பெரும்பகுதி சீக்கம் எனப்படும் குருட்டுக்குடலில் வாழும் நல்ல நுண்ணுயிரிகளால் நடைபெறுகிறது. இம்மருந்துகள் அவற்றை அழித்துவிடுகின்றன. அந்த இடத்தில் கிளாஸ்ட்ரிடியம் என்னும் கெட்ட பாக்டீரியா பெருகி நஞ்சைக் கக்குகிறது. மனிதக் குழந்தைகளுக்குப் பாதுகாப்பாகக் கொடுக்கப்படும் மருந்து என்பதால் நீங்கள் நம்பிக் கொடுத்ததில் வியப்பில்லை. ஆனால் விற்றவர் எந்த உயிருக்கு என்று கேட்டு, மருத்துவரிடம் அனுப்பியிருக்க வேண்டும். சிறுநீர்த் தொற்று உறுதியானால் என்ரோஃப்ளாக்சசின், டிரைமெத்தோபிரிம் சேர்ந்த சல்ஃபா போன்ற, கினிப்பன்றி தாங்கக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. அவற்றையும் எடை பார்த்து மருத்துவரே அளவு சொல்ல வேண்டும். மருத்துவமனைக்குப் போகும்போது அந்தச் சிரப் புட்டியைக் கையோடு எடுத்துச் சென்று, எத்தனை சொட்டு, எத்தனை வேளை கொடுத்தீர்கள் என்பதைத் தவறாமல் சொல்லுங்கள். புழுக்கை நீராகப் போகத் தொடங்கினால் அல்லது உடல் குளிர்ந்து சோர்ந்து படுத்துவிட்டால் ஒரு மணி நேரமும் தாமதிக்க வேண்டாம்.

ஊட்டும் முறையைப் பற்றி மீண்டும் சொல்கிறேன். முயல் தீவனத்தை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, கட்டியில்லாமல் மசித்து, ஊசி இல்லாத 1 மில்லி சிரிஞ்சில் எடுத்துக்கொள்ளுங்கள். நோயுற்ற தாவர உண்ணிகளுக்கென்றே விற்கப்படும் நார்ச்சத்து மாவு இணையத்தில் கிடைக்கிறது. அது கைக்கு வந்துவிட்டால் அதுவே மேல். பிராணியை மல்லாக்கப் படுக்க வைக்காமல், துண்டில் சுற்றி மடியில் நிமிர்த்தி வைத்து, முன்பற்களுக்குப் பின்னால் வாயின் பக்கவாட்டில் சிறிது சிறிதாகச் செலுத்தி, மென்று விழுங்கிய பிறகே அடுத்ததைக் கொடுங்கள். அவசரப்பட்டால் நுரையீரலுக்குள் போய்விடும். ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 50 முதல் 80 மில்லி கூழ் என்பது பொதுவான கணக்கு. அதை ஐந்தாறு வேளையாகப் பிரியுங்கள், இரவிலும் ஒரு வேளை இருக்கட்டும். அது தானாகப் புல் கடிப்பதால் இப்போதைக்கு இதில் பாதி போதும். ஆனால் வயிறு விறைத்து, விரலால் தட்டினால் வெற்றொலி கேட்டு, மூச்சு வாங்கினால் எதையும் ஊட்டாதீர்கள். கினிப்பன்றியால் வாந்தி எடுக்க முடியாது, நிறைந்த வயிற்றில் மேலும் திணிப்பது உயிருக்கு ஆபத்து. மோர், தயிர், பால், ஓமவாட்டர், கிரைப்வாட்டர் எதுவும் வேண்டாம். நமக்கு வாங்கி வைத்திருக்கும் வலி மாத்திரையை உடைத்துக் கொடுப்பதும் கூடாது. மெலாக்சிகாம் என்னும் வலி நிவாரணி இதற்கு நன்கு பயன்படுகிறது என்றாலும், நீர் வற்றிய உடலில் அது சிறுநீரகத்தைத் தாக்கும் என்பதால், தோலுக்கடியில் நீர்மம் ஏற்றி நிலைமையைப் பார்த்த பிறகே மருத்துவர் கொடுப்பார்.

சமையலறைத் தராசில் ஓர் அகன்ற பாத்திரத்தை வைத்துத் தினமும் ஒரே நேரத்தில் எடை பாருங்கள். இந்தப் பழக்கத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று தனியாகவே கேட்டுக்கொள்கிறேன். ஏனெனில் இவை பிற விலங்குகளுக்கு இரையாகும் இனம், நோயை இயன்றவரை மறைத்துக்கொள்ளும், கண்ணுக்கு முன்பாகத் தராசுக்கே அது தெரியவரும். வளர்ந்த ஆண் பெரும்பாலும் 900 முதல் 1200 கிராம் வரை இருக்கும். 50 கிராம் குறைந்தால் கவனியுங்கள். 100 கிராம் குறைந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

இனி, அது கல்லா என்ற கேள்வி. நம் உடல் உணவிலிருந்து தனக்குத் தேவையான அளவு சுண்ணாம்புச்சத்தை எடுத்துக்கொண்டு மீதியைப் பெரும்பாலும் மலத்தோடு தள்ளிவிடும். கினிப்பன்றியின் குடலோ கிடைத்த கால்சியத்தையெல்லாம் தாராளமாக உறிஞ்சி இரத்தத்தில் சேர்க்கும். மிகுதியானது சிறுநீர் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அதன் சிறுநீர் இயல்பிலேயே காரத்தன்மை உடையது, பி.எச். 8 முதல் 9 வரை இருக்கும், சற்றுக் கலங்கலாகவும் இருக்கும். ஆகவே காய்ந்த இடத்தில் இலேசான வெண்மை தெரிவது நோயன்று. ஆனால் நீங்கள் எழுதியதுபோல் தடிப்பாகப் படிந்து, விரலால் தேய்த்தால் மணல்போல் நெருடினால், சிறுநீர்ப்பையில் சுண்ணாம்பு வண்டல் தேங்கியிருக்கிறது என்று பொருள். வண்டலே நாளடைவில் இறுகிக் கல்லாகலாம். கத்துவதும், கூனுவதும், இளஞ்சிவப்பும் சேர்ந்திருப்பதால் கருப்பட்டிக்குக் கல் இருக்க வாய்ப்பு அதிகம் என்றே கருதுகிறேன். எனினும் சிறுநீரில் இயற்கையாக உள்ள நிறமிகளாலும் சிவப்பு தோன்றலாம், தொற்றினாலும் இரத்தம் வரலாம். நிறத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. சிறுநீரை ஒரு சோதனைப் பட்டையில் நனைத்தால் இரத்தமா இல்லையா என்பது தெரிந்துவிடும். கினிப்பன்றியின் கற்கள் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டால் ஆனவை, எக்ஸ்ரேயில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என இரண்டு படம் எடுக்கச் சொல்லுங்கள். சிறுநீர்ப்பையோடு நிற்காமல் சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்த்தாரையின் முனை வரை முழுவதும் படத்தில் வர வேண்டும். அதே நேரத்தில் கடைவாய்ப் பற்களையும் பார்த்துவிடுவது நல்லது. இவற்றின் பற்கள் ஆயுள் முழுவதும் வளர்பவை; புல் குறைவாகத் தின்று வளர்ந்த பிராணியில் அவை தேயாமல் நீண்டு நாக்கை அழுத்தி, தீனி எடுக்காமைக்கு இன்னொரு காரணமாகிவிடும்.

ஓர் எச்சரிக்கையை இங்கே அழுத்தமாகச் சொல்ல வேண்டும். கருப்பட்டி ஆண், பெண்ணைவிட ஆணின் சிறுநீர்த்தாரை நீளமானது, குறுகலானது. ஒரு சிறு கல் நழுவி அதில் சிக்கிக்கொண்டால் சிறுநீர் முழுவதும் அடைபட்டுவிடும். திரும்பத் திரும்ப முக்கியும் ஒரு சொட்டும் வரவில்லை என்றாலோ, விரிப்பு பல மணி நேரமாக நனையவே இல்லை என்றாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இரண்டும் சேர்ந்திருந்தால் யார் நனைத்தது என்று தெரியாது. ஆகவே நடுவில் கம்பிவலை வைத்து, ஒன்றையொன்று பார்க்கும்படி பிரித்து வையுங்கள். முழுவதும் தனிமைப்படுத்தினால் ஏக்கத்திலேயே தீனியைக் குறைத்துவிடும்.

ஆபரேஷன் இல்லாமல் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வண்டல் மட்டும் என்றால், நீர்மம் ஏற்றியும், மயக்கம் கொடுத்துச் சிறுநீர்ப்பையைக் கழுவியும், உணவை மாற்றியும் சமாளிக்கலாம். உருவாகிவிட்ட கால்சியம் கார்பனேட் கல்லைக் கரைக்கும் மருந்தோ உணவோ கினிப்பன்றிக்குக் கிடையாது. சிறுநீர்ப்பையைத் திறந்து எடுப்பதே வழி. சின்ன உடம்பு, மயக்க மருந்தின் ஆபத்து உண்டு. கல் மீண்டும் வருவதும் அரிதன்று. இதை மறைத்து உங்களுக்கு நம்பிக்கை ஊட்ட நான் விரும்பவில்லை. ஆனால் மூன்றே வயதான, மற்றபடி திடமான பிராணி வலியில் கத்திக்கொண்டு இருப்பதைவிட, எடையைத் தேற்றிய பிறகு அறுவையைச் சந்திப்பது மேல் என்பதே என் கருத்து. அறுவைக்கு முதல் நாள் இரவிலிருந்து பட்டினி போடச் சொன்னால், கினிப்பன்றிக்கு அது வேண்டாம் என்பதை மருத்துவரிடம் பணிவாக நினைவூட்டுங்கள். நாய்க்கும் மனிதருக்கும் பட்டினி வாந்தியைத் தவிர்ப்பதற்காக. வாந்தியே எடுக்க முடியாத இதற்கு வாயில் தீனி ஒட்டியிராதபடி சிறிது நேரம் நிறுத்தினால் போதும், விழித்தவுடன் மீண்டும் புல் முன்னால் இருக்க வேண்டும்.

தண்ணீரைப் பற்றிய உங்கள் ஐயத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டரில் 100 மில்லிகிராம் கால்சியம் உள்ள கடினமான தண்ணீர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கினிப்பன்றி ஒரு நாளைக்கு 100 மில்லி குடித்தால் அதிலிருந்து கிடைப்பது 10 மில்லிகிராம்தான். அகத்திக்கீரையில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 1130 மில்லிகிராம் கால்சியம் இருப்பதாக நம் நாட்டு உணவு அட்டவணைகள் சொல்கின்றன. 20 கிராம் இலையிலேயே 200 மில்லிகிராமுக்கு மேல் சேர்ந்துவிடுகிறது. முருங்கைக்கீரையில் 100 கிராமுக்குச் சுமார் 440 மில்லிகிராம். முயல் தீவனங்கள் பலவற்றில் குதிரைமசால் என்னும் தீவனப் பயிரே அடிப்படை, அதிலும் கால்சியம் மிகுதி. ஆகவே போர்வெல்லைப் பழிக்க வேண்டியதில்லை. மழைநீரோ காய்ச்சி ஆறவைத்த ஊருணித் தண்ணீரோ கிடைத்தால் கொடுங்கள், ஆனால் அதுவே மருந்தாகிவிடும் என்று நம்பிக் கீரையை மாற்றாமல் இருந்துவிடாதீர்கள். எந்தத் தண்ணீர் என்பதைவிட எவ்வளவு குடிக்கிறது என்பது முக்கியம். குழாய்ப் புட்டியோடு கவிழாத கனமான கிண்ணம் ஒன்றிலும் தண்ணீர் வையுங்கள், பலவும் கிண்ணத்தில் கூடுதலாகக் குடிக்கும். கொடுக்கும் இலைகளைக் கழுவிய ஈரத்தோடே போடுங்கள்.

கை வைத்தியம் குறித்து உங்கள் மனம் நோகாமல் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். வாழைத்தண்டும் நெருஞ்சியும் சிறுபீளையும் நம் வீடுகளில் நெடுங்காலமாக மனிதருக்குப் பயன்பட்டு வருபவை. ஆனால் இந்தச் சுண்ணாம்புக் கல்லை அவை கரைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை; புல் போக வேண்டிய சின்ன வயிற்றைச் சாறு நிரப்பிவிடுகிறது; பார்லித் தண்ணீரின் மாவுச்சத்து ஏற்கெனவே நிலைகுலைந்த குடலில் புளித்து வாயுவைக் கூட்டும். இரண்டையும் நிறுத்திவிடுங்கள். கொண்டைக்கடலையும் பிஸ்கட்டும் இனி எப்போதுமே வேண்டாம்.

நிரந்தரத் தீர்வு புல்லில்தான் இருக்கிறது. கினிப்பன்றியின் வயிற்றில் போவதில் பெரும்பங்கு புல்லாகவே இருக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் புல் என்ற சொல்லே இல்லை. திமோத்தி உலர்புல் இணையத்தில் வரவழைக்கலாம், விலை கூடுதல்தான். செட்டிநாட்டின் வறண்ட செம்மண்ணில் வளரும் கொழுக்கட்டைப்புல்லும், மாட்டுக்காகப் பயிரிடும் கினிப்புல்லும், அருகம்புல்லும் நல்ல தீனி. பூப்பதற்கு முன் அறுத்து, நிழலில் நன்றாக உலர்த்தி, பூசணம் பிடிக்காமல் காற்றோட்டமாகச் சேமித்துக்கொள்ளலாம். களைக்கொல்லி தெளித்த வரப்பிலும் நாய்கள் நடமாடும் சாலையோரத்திலும் அறுக்க வேண்டாம். வைக்கோல் படுக்கைக்கு ஆகும், உணவுக்குப் போதாது. அகத்தியும் முருங்கையும் நிற்கட்டும். கறிவேப்பிலை, பொன்னாங்கண்ணி, முளைக்கீரை, பசலை ஆகியவற்றையும் கினிப்பன்றிகளுக்குக் கொடுக்காதீர்கள். இவற்றுக்குப் பதிலாக வெள்ளரிக்காய், குடைமிளகாய், மக்காச்சோளக் கதிரின் பச்சைத் தோல், சிறிது கொத்தமல்லி என்று மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். முட்டைக்கோசும் காலிஃப்ளவரும் வயிற்று உப்பல் நன்றாக வடியும்வரை வேண்டாம். தீவனம் நாளைக்கு ஒரு மேசைக்கரண்டி அளவு, அதுவும் குதிரைமசால் இல்லாத வகை. இந்த மாற்றங்களில் கீரையையும் கடலையையும் உடனே நிறுத்தலாம். புதியவற்றை மட்டும் ஒவ்வொன்றாக, ஓரிரு வாரத்தில் மெல்லச் சேர்க்க வேண்டும்.

கீரையை நிறுத்தினால் வைட்டமின் சி குறைந்துவிடாதா என்ற கேள்வி எழும். நம்மைப் போலவே கினிப்பன்றியாலும் அந்த வைட்டமினை உடலில் தயாரிக்க முடியாது. ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் தேவை, நோயில் இன்னும் கூடுதல். அது குறைந்தால் மூட்டு வீங்கும், ஈறில் இரத்தம் கசியும், வலியில் தீனி குறையும். 100 கிராம் பெருநெல்லிக்காயில் சுமார் 600 மில்லிகிராம் இருப்பதால், 5 கிராம் அளவுள்ள சிறு துண்டே ஒரு நாளைக்குப் போதும். புளிப்பைக் கண்டு ஒதுக்கினால் கொய்யாத் துண்டோ குடைமிளகாயோ கொடுங்கள். தண்ணீரில் கலக்கும் வைட்டமின் சொட்டு மருந்து வெளிச்சத்திலும் வெப்பத்திலும் விரைவில் வீரியம் இழக்கும். தண்ணீரின் சுவை மாறிக் குடிப்பதும் குறையும்.

பங்குனி, சித்திரை வெயிலில் எச்சரிக்கையாக இருங்கள். ஆண்டிஸ் மலைப்பகுதியைத் தாயகமாகக் கொண்ட இவற்றுக்கு 18 முதல் 24 டிகிரி செல்சியஸ் ஏற்றது. 28-ஐத் தாண்டினாலே சிரமம். உங்கள் இரண்டாங்கட்டின் உயர்ந்த கூரையும் ஆத்தங்குடிக் கல்லின் குளிர்ச்சியும் இவற்றுக்குக் கிடைத்த நல்வாய்ப்பு. முற்றத்து வெயில் நேரடியாக விழாத பக்கம் வைத்தால் போதும். ஆனால் வெறுங்கல்லில் வைக்காமல் பருத்தித் துணி விரித்து, நனைந்ததும் மாற்றுங்கள். ஈரத்தில் உட்கார்ந்தே இருந்தால் பாதமும் அடிவயிறும் புண்ணாகும், அந்தத் தொற்று சிறுநீர்த்தாரைக்கும் ஏறும்.

உள்ளூர்க் கால்நடை மருத்துவரிடம் தாராளமாகக் காட்டுங்கள். நீர்மம் ஏற்றுவதும், வலிக்கு ஊசி போடுவதும், பயணத்துக்குத் தாங்கும்படி தேற்றுவதும் அவரால் முடிந்தவையே. முதல் ஆறு மணி நேரத்தில் அருகிலிருப்பவர் செய்யும் இந்த உதவிதான் பல உயிர்களைக் காப்பாற்றுகிறது. எக்ஸ்ரேக்கும் அறுவைக்கும் மதுரையிலோ திருச்சியிலோ செல்லப்பிராணி மருத்துவமனையை நாடலாம். ஒரத்தநாட்டிலும் திருநெல்வேலியிலும் அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. கினிப்பன்றிக்கு அறுவை செய்து பழகிய மருத்துவர் இருக்கிறாரா என்று முதலில் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். வெயில் ஏறுமுன் கிளம்புங்கள். பெட்டிக்குள் புல்லும் வெள்ளரித் துண்டும் இருக்கட்டும், வழியெல்லாம் அது கொறித்துக்கொண்டு போகட்டும்.

வெல்லத்தையும் கூடவே அழைத்துச் செல்லுங்கள். துணை இருந்தால் கருப்பட்டி பயணத்தில் மிரளாது என்பது ஒரு காரணம். இன்னொன்று, அதுவும் இத்தனை நாளாக இதே அகத்தியையும் இதே தீவனத்தையும்தான் தின்றிருக்கிறது. இன்னும் கத்தவில்லை என்பதால் வண்டல் இல்லை என்று சொல்லிவிட முடியாது. அதற்கும் ஒரு படம் எடுத்து, இரண்டின் படங்களையும் எடைக் குறிப்பையும் எனக்கு அனுப்பிவையுங்கள்; அறுவை எப்போது என்பதை அங்குள்ள மருத்துவரோடு பேசி முடிவு செய்வோம்.